நெல்லுக்கு ஈரப்பதம் பார்க்கிறோம். மனுஷனோட களைப்பை யார் பார்ப்பது?

1/
மேட்டூர்ல இன்னைக்கு எத்தனை அடின்னு எங்க ஊர் டீக்கடையில யாரைக் கேட்டாலும் சொல்லிடுவாங்க. முழு அளவு 120 அடி, 93.47 டி.எம்.சி. கொள்முதல் நிலையத்துக்கு நெல் கொண்டு போனா ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டுதான்னு மீட்டர் வெச்சுப் பார்க்கிறாங்க. மூட்டைக்கு 40 கிலோ, தராசு முள்ளு நேரா நிக்கணும்.

எல்லாத்தையும் அளக்கத் தெரிஞ்ச மண்ணு இது. ஆனா அந்த மூட்டையைத் தூக்கின மனுஷன் இருபது வருஷம் கழிச்சு அரசு மருத்துவமனை ஓ.பி.யில வந்து நின்னு, "முடியலைங்க சார், ஒரே அசதியா இருக்கு"ன்னு சொல்றப்போ, எவ்வளவு அசதின்னு அளக்க அங்க யாரும் இல்ல.

யாரும்னு சொல்றதுல நானும் அடக்கம். அதனாலதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

2/
முதல்ல என்னைப் பத்தி. டெல்டாவுல ஒரு அரசு மருத்துவமனையில வேலை பார்க்கிற எம்.பி.பி.எஸ் மருத்துவர் நான். நுரையீரல் நிபுணர் கிடையாது. நிபுணர்கள் சொல்லாத எதையும் இங்க புதுசா சொல்லப் போறதும் இல்ல. அவங்க முப்பது நாப்பது வருஷமா சொல்லிட்டு வர்றதை என்னை மாதிரி ஓ.பி. மருத்துவர்கள் காதுல வாங்கலைங்கிறதுதான் என் குற்றச்சாட்டு.

பேசப்போற நோய் சி.ஓ.பி.டி. அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாகச் சுருங்கி, உள்ளே போன காற்று முழுசா வெளியே வர முடியாத நிலை. 2016-ல் இந்தியாவில் சுமார் 5.5 கோடி பேருக்கு இந்த நோய் இருந்ததாக லான்செட் இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது.

3/
"அது பீடி குடிக்கிறவங்களுக்கு வர்றதுதானே"ன்னு கேட்பீங்க. பீடிக்குப் பெரிய பங்கு உண்டு, மறுக்கல. ஆனா நம்ம பக்கம் வேற கதையும் இருக்கு.

விறகடுப்பு, வறட்டி, நெல் அவிக்கிற அடுப்பு. அரிசி ஆலை உமித் தூசு. செங்கல் சூளை. களத்துமேட்டுல நெல் தூத்துறப்போ பறக்கிற சுணை. அறுவடை முடிஞ்சு தாளைக் கொளுத்துற புகை. வீட்டுல கேஸ் இருக்கும், ஆனா அது டீ போட மட்டும். உலை வைக்கிறதும் வெந்நீர் போடுறதும் இன்னமும் விறகுலதான்.

இது என் கற்பனை இல்ல. 30 வயசு தாண்டினவங்ககிட்ட களப்பணியாளர்கள் நிரப்புற சி-பேக் படிவத்துல சி.ஓ.பி.டி.க்குன்னே ஒரு பகுதி இருக்கு. என்ன எரிபொருள்ல சமைக்கிறீங்க, பயிர்க் கழிவு எரிக்கிறீங்களா, சூளையில வேலை பார்த்தீங்களா எல்லாம் அதுல வருது. அரசாங்கத்தோட படிவத்துக்கே தெரியும்.

இன்னொண்ணு, பழைய காசநோய். செங்கிப்பட்டி காசநோய் மருத்துவமனைன்னா நம்ம மாவட்டத்துல தெரியாதவங்க கிடையாது. கிருமி போயிடும். நுரையீரல்ல அது விட்டுட்டுப் போற தழும்பு போகாது. அவங்களும் இதே களைப்போடதான் வாழுறாங்க.

4/
இப்போ ஒரு அம்மாவோட கதை. அடையாளம் தெரியாத மாதிரி மாத்திச் சொல்றேன்.

வயசு அறுபதுக்குப் பக்கம். வாழ்க்கையில ஒரு பீடி கூடத் தொட்டதில்ல. நடவு, களை, அறுப்பு. வீட்டுக்கு வந்தா அடுப்பு. என்கிட்ட நாலு மாசத்துல நாலு தடவை வந்தாங்க. ஒவ்வொரு தடவையும் ஒரே வார்த்தை: "ஒடம்பு தள்ளலை தம்பி."

நான் என்ன பண்ணேன்? விரல்ல பல்ஸ் ஆக்சிமீட்டர் மாட்டினேன். 97. நெஞ்சுல ஸ்டெத் வெச்சேன். ஏற்கெனவே எழுதிக் கொடுத்த இன்ஹேலரை இழுக்கிறாங்களான்னு கேட்டேன். இழுக்கிறாங்க. "ஆக்சிஜன் நல்லா இருக்கும்மா, வயசாகுதுல்ல, ரெஸ்ட் எடுங்க." சீட்டுல 'பொதுவான பலவீனம்'னு எழுதி பி-காம்ப்ளெக்ஸ் கொடுத்தேன்.

நாலு தடவையும் அதேதான். ஒரு நாளைக்கு ஓ.பி.யில எத்தனை பேர் பார்க்கிறோம்னு உங்களுக்குத் தெரியும். ஆனா அது விளக்கம்தான், நியாயம் ஆகாது.

5/
அஞ்சாவது தடவை கூட வந்த மருமகப் பொண்ணு என்கிட்ட நேரா கேட்டுது. "சார், ஒண்ணுமில்லைன்னு நீங்க சொல்றீங்க. அதனால எங்க வூட்டுல எல்லாரும் அத்தைய நடிக்கிறாங்கன்னு சொல்றாங்க. நடிக்கிறாங்களா சார்?"

அந்த அம்மா தலையைக் குனிஞ்சிட்டு நின்னாங்க.

என் சீட்டுல இருந்த ரெண்டு வார்த்தை அந்த வீட்டுக்குள்ள போய் என்ன வேலை செஞ்சிருக்குன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுது. நான் அளக்காம விட்டதை ஊரு 'சோம்பேறித்தனம்'னு அளந்திடுச்சு.

6/
எங்க பிசியோதெரபிஸ்ட்கிட்ட அனுப்பினேன். அவர் செஞ்சது ஆறு நிமிட நடைச் சோதனை. பெருசா எதுவும் வேணாம். 30 மீட்டர் நேரான வராண்டா, ரெண்டு முனையிலயும் ஒரு அடையாளம், ஸ்டாப் வாட்ச், ஆக்சிமீட்டர், உட்கார ஒரு நாற்காலி. ஆறு நிமிஷத்துல எவ்வளவு தூரம் நடக்கிறாங்கன்னு பார்க்கணும். அமெரிக்க நெஞ்சக மருத்துவச் சங்கம் 2002-லேயே இதுக்கு வழிமுறை எழுதி வெச்சிருக்கு.

அந்த வழிமுறையில பலரும் தாண்டிப் போயிடுற ஒரு வரி உண்டு. நடக்கிறதுக்கு முன்னாடியும் முடிச்ச உடனேயும் ரெண்டு கேள்வி கேட்கணும். மூச்சு எவ்வளவு வாங்குது? களைப்பு எவ்வளவு? ரெண்டுக்கும் தனித்தனி எண். ஸ்வீடன் உளவியலாளர் குன்னர் போர்க் உருவாக்கின அளவுகோல் அது. 0-ன்னா ஒண்ணுமே இல்ல. 5-ன்னா கடுமை. 10-ன்னா உச்சம்.

7/
"பத்துக்கு எத்தனைம்மா?"ன்னு கேட்டா அந்த அம்மாவுக்குப் புரியல. பிசியோதெரபிஸ்ட் நம்ம ஊர்க்காரர். அவர் மாத்திக் கேட்டார். "ஆத்தா, அப்படியே ஓய்ஞ்சு கீழ விழுறதுதான் பத்து ரூபான்னு வெச்சுக்குங்க. இப்ப எத்தனை ரூபா?"

யோசிச்சு சொன்னாங்க. "மூச்சு மூணு ரூபா தம்பி. களைப்பு ஏழு ரூபா. காலு ரெண்டும் கல்லு மாதிரி இருக்கு."

நடந்த தூரம் 210 மீட்டர். ஆக்சிஜன் 97-லேர்ந்து 92.

மூச்சு மூணு, களைப்பு ஏழு. நாலு மாசமா நான் மூச்சை மட்டும்தான் கேட்டுட்டு இருந்தேன்.

8/
நுரையீரல்ல நோய்னா கால் ஏன் ஓயுது?

மூச்சு வாங்குதுன்னு நடக்கிறதைக் குறைப்போம். நடை குறைஞ்சா தொடைத் தசை கரையும். கரைஞ்ச தசைக்குக் கொஞ்ச வேலையே பெரிய வேலை. சீக்கிரம் லாக்டிக் அமிலம் சேரும், அதை ஈடுகட்ட இன்னும் வேகமா மூச்சு விடணும். அதுக்குப் பயந்து நடையை இன்னும் குறைப்போம். செக்குமாடு மாதிரி இதே வட்டம்தான். ஆனா ஒவ்வொரு சுத்துலயும் தசை கொஞ்சம் குறையும்.

கூடவே, சுருங்கின குழாய் வழியா காத்தைத் தள்ளவே மூச்சுத் தசைகள் நாள் முழுக்கக் கூடுதலா உழைக்குது. உட்கார்ந்திருக்கிறப்பவும் இந்த நோயாளி ஒரு வேலை பார்த்துட்டுதான் இருக்கார். நமக்கு அது தெரியாது.

இப்போ சொல்லுங்க. இவங்ககிட்ட "ரெஸ்ட் எடுங்க"ன்னு நான் சொன்னது வைத்தியமா, நோயை வளர்க்கிற வழியா?

9/
அடுத்தது குளுக்கோஸ். இதுக்கு நிறைய பேர் என்கிட்ட கோபப்படுவீங்க, பரவாயில்ல.

அசதின்னா உடனே "ஒரு பாட்டில் ஏத்திடுங்க டாக்டர்". 500 மி.லி. 5 சதவீத குளுக்கோஸ் பாட்டில்ல இருக்கிறது 25 கிராம் சர்க்கரை. அஞ்சாறு டீஸ்பூன். அதை நரம்புல ஏத்த நீங்க தனியார்ல கொடுக்கிற காசுக்கு ரெண்டு வாரத்துக்கு முட்டை வாங்கலாம். கரைஞ்ச தொடைத் தசைக்கு அந்த முட்டைதான் உதவும்.

அதைவிட மோசம் 'செட்டு மாத்திரை'. மருந்துக் கடையில பேப்பர்ல மடிச்சுக் கொடுக்கிறாங்களே, அதுல பல நேரம் டெக்சாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டு இருக்கும். போட்ட அன்னைக்கு மூச்சு லேசாகும், பசிக்கும், தெம்பா இருக்கும். மாசக்கணக்கா போட்டா அதே ஸ்டீராய்டு தொடைத் தசையை அரிக்கும், எலும்பைப் பலவீனமாக்கும், சர்க்கரையை ஏத்தும். களைப்புக்குன்னு வாங்குற மாத்திரையே களைப்பை உண்டாக்கும். இழுக்கிற ஸ்டீராய்டு இன்ஹேலரோட இதைக் குழப்பிக்காதீங்க. இன்ஹேலர் அளவும் வேற, போற இடமும் வேற. மருத்துவர் எழுதினதை நிறுத்தக் கூடாது.

10/
அதே நேரம், எல்லாக் களைப்பையும் நுரையீரல் தலையில கட்டவும் கூடாது. அளக்க ஆரம்பிச்சா கிடைக்கிற முதல் லாபமே இதுதான். "ஏழா? ஏன் ஏழு?"ன்னு அடுத்த கேள்வி கேட்க வைக்கும்.

ரத்தசோகை, தைராய்டு, கட்டுப்படாத சர்க்கரை, இதயச் செயலிழப்பு, தூக்கமின்மை, மனச்சோர்வு, திரும்பி வந்த காசநோய். இத்தனைக்கும் முதல் அறிகுறி அசதியா இருக்கலாம். எடை குறையுது, சாயந்திரம் காய்ச்சல் வருது, சளியில ரத்தம் தெரியுதுன்னா அன்னைக்கே சளிப் பரிசோதனை.

நம்ம அம்மாவுக்கு ஹீமோகுளோபின் பார்த்தோம். 8.6. நாலு தடவை வந்தவங்களுக்கு நான் இதைக்கூடப் பார்க்கல. 'பொதுவான பலவீனம்'னு எழுதிட்டா அதுக்கு மேல யோசிக்க வேண்டியதில்லையே.

11/
இப்போ என் சக மருத்துவர்கள் பக்கம் வர்றேன். அடிக்கடி கேட்கிற எதிர்வாதம்: "களைப்பு அகவயமானது. நோயாளி சொல்றது. அதை எப்படி நம்பறது? ஸ்பைரோமெட்ரி எண் இருக்கே, அது போதாதா?"

போதாது. 2019-ல் நெதர்லாந்திலிருந்து வந்த ஒரு ஆய்வு, சி.ஓ.பி.டி. நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கடுமையான களைப்பு இருப்பதாகச் சொன்னது. நோயில்லாத அதே வயதினரில் அது பத்தில் ஒருவருக்குத்தான். இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னது. மூச்சுக்குழாய் எவ்வளவு அடைபட்டிருக்கிறது என்பதற்கும் களைப்பு எவ்வளவு என்பதற்கும் தொடர்பு மிகக் குறைவு.

அதாவது ஊதிக் காட்டுற எண்ணை வெச்சு இவங்களுக்குக் களைப்பு இருக்கும், இருக்காதுன்னு ஊகிக்கவே முடியாது. ஆக்சிமீட்டரை வெச்சும் முடியாது. கேட்டாதான் தெரியும்.

வலியையும் நோயாளிதான் சொல்றார். பிரசவ வலியை மீட்டர் வெச்சா நம்பறோம்?

12/
கேட்கிறதுக்குக் கருவி இல்லையான்னா, வரிசையா இருக்கு.

1987-ல் கனடாவின் கார்டன் கயாட் குழு வெளியிட்ட நாள்பட்ட சுவாச நோய் வினாப்பட்டியல். மொத்தம் 20 கேள்வி. அதுல நாலு களைப்புக்கு மட்டுமே. மூச்சிரைப்பு தனி, களைப்பு தனி, மனநிலை தனி, நோயைச் சமாளிக்கும் நம்பிக்கை தனி. அப்பவே பிரிச்சிட்டாங்க.

2009-ல் வந்த கேட் பட்டியல். எட்டே கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0 முதல் 5, மொத்தம் 40. எட்டாவது கேள்வி உடம்புல தெம்பு இருக்கா இல்லையான்னுதான். ரெண்டு நிமிஷ வேலை.

களைப்புக்குன்னே 13 கேள்வி உள்ள ஃபேசிட் பட்டியலும் இருக்கு. அதுல மதிப்பெண் குறையக் குறையக் களைப்பு அதிகம். கேட் பட்டியலுக்கு நேர் எதிர், அதனால பார்த்துப் படிக்கணும்.

ஆக, அளவுகோல் வந்து முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. அது நம்ம ஓ.பி. மேசைக்கு வரலைங்கிறதுதான் குறை.

13/
மொழி ஒரு சிக்கல்னு சொல்வாங்க. நான் நேர் எதிரா நினைக்கிறேன்.

ஆங்கிலத்துல ஒரே ஒரு வார்த்தையை வெச்சு மருத்துவப் புத்தகம் ஓட்டுது. நம்ம ஓ.பி.யில ஒரு காலை நேரத்துல காதுல விழுறது எத்தனை! அசதி, அலுப்பு, களைப்பு, சோர்வு, ஆயாசம், கிறக்கம், "ஓய்ஞ்சு போச்சு", "தள்ளலை", "முடியலை". எல்லாம் ஒண்ணு இல்ல. கிறக்கம்னா ரத்த அழுத்தம் பார்க்கணும். சோர்வுன்னா மனசையும் கேட்கணும். "காலு ஓயுது"ன்னா தசை. "தள்ளலை"ன்னா எல்லாத்தையும் பார்க்கணும்.

இந்த நோய்க்கு நம்ம ஆளுங்க வெச்ச பேரைப் பாருங்க. இளைப்பு. மூச்சு இரைக்கிறதும் இளைப்பு, உடம்பு மெலியறதும் இளைப்பு, களைச்சுப் போறதும் இளைப்பு. களைப்பு தீர்றதை இளைப்பாறுறதுன்னுதான் சொல்றோம். மூச்சையும் தசையையும் களைப்பையும் ஒரே சொல்லுல கட்டி வெச்ச மொழி இது. அதைப் பேசுற நாம அதுல ஒண்ணை மட்டும் அளந்துட்டு மத்ததை விட்டுட்டோம்.

14/
சரி, அளந்து என்ன செய்ய? இதுக்கு மருந்து இருக்கா?

இருக்கு. நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி. வாரம் ரெண்டு மூணு நாள், குறைஞ்சது 6 முதல் 8 வாரம். அளவா நடை, உட்கார்ந்து எழுந்திருக்கிற பயிற்சி, கைக்கு லேசான எடை, உதட்டைக் குவிச்சு மூச்சு விடுற முறை, சாப்பாடு, இன்ஹேலரைச் சரியா இழுக்கக் கத்துக்கிறது.

2015-ல் வந்த காக்ரேன் மதிப்பாய்வு 65 ஆய்வுகளை, 3,822 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தது. மூச்சிரைப்பு குறைந்தது. களைப்பும் குறைந்தது, அதுவும் நோயாளியால் உணரக்கூடிய அளவுக்கு. சாதாரணச் சிகிச்சையோடு ஒப்பிட்டுப் பயன் உண்டா இல்லையா என்று இனியும் ஆராயத் தேவையில்லை என்கிற அளவுக்கு ஆதாரம் உறுதி.

பல மாத்திரைகளுக்கு இந்த அளவு ஆதாரம் கிடையாது. மாத்திரையை மட்டும் நாம தவறாம எழுதறோம்.

15/
பயிற்சி நடக்கிறப்போ களைப்பை அளக்கிறதுல சில நெளிவு சுளிவு இருக்கு. நான் தப்பா படிச்சுக் கத்துக்கிட்டது.

ஒண்ணு: முதல் ரெண்டு வாரம் களைப்பு எண் கூடலாம். ரொம்ப நாள் வேலை செய்யாத தசை வலிக்கும். அதைப் பார்த்துட்டு "ஒத்துக்கலை"ன்னு நிறுத்திடக் கூடாது. நானும் ஒருத்தருக்கு அப்படி நிறுத்தியிருக்கேன்.

ரெண்டு: நடந்து முடிச்ச உடனே வர்ற களைப்பு வேற, போன வாரம் முழுக்க இருந்த களைப்பு வேற. ரெண்டையும் தனித்தனியா எழுதணும்.

மூணு: எண்ணை மட்டும் பார்க்காம தூரத்தோட சேர்த்துப் பார்க்கணும். 200 மீட்டர்ல ஏழு, 270 மீட்டர்லயும் ஏழுன்னா அது தோல்வி இல்ல. ஏழு ரூபாய்க்கு முன்ன விட அதிக சாமான் வாங்குறாங்கன்னு அர்த்தம்.

நாலு: ஒரே நேரத்துல கேட்கணும். காலையில ஒரு வாரம், சாயந்திரம் ஒரு வாரம்னு கேட்டா எண் சொல்றதுல அர்த்தமே இல்ல.

அஞ்சு: பயிற்சியோட அளவையே இந்த எண்ணை வெச்சுத்தான் வைக்கணும். பத்துக்கு 4 முதல் 6 வரை வர்ற மாதிரி. ரெண்டு மூணுலயே நின்னா பலன் குறைவு. எட்டு ஒன்பதுக்கு விரட்டினா மறுநாள் ஆள் வரமாட்டார்.

16/
அந்த அம்மாவுக்கு வாரம் ரெண்டு நாள் எங்ககிட்ட, மத்த நாள் வீட்டுல. திண்ணையில உட்கார்ந்து எழுந்திருக்கிறது, வாய்க்கால் கரையில நடக்கிறது, அரை லிட்டர் தண்ணி பாட்டிலைத் தூக்கி இறக்குறது. கூடவே இரும்புச்சத்து மாத்திரை, தினம் ஒரு முட்டை, பயறு. காய் நறுக்குறதை உட்கார்ந்து செய்யச் சொன்னோம். சமையலை விறகுலேர்ந்து கேஸுக்கு மாத்தச் சொல்லி வீட்டுல மல்லுக்கட்டினோம். பாதி ஜெயிச்சோம்.

எட்டு வாரம் கழிச்சு 265 மீட்டர். 30 மீட்டர் கூடினாலே நோயாளி உணரக்கூடிய முன்னேற்றம்னு சொல்வாங்க. இது 55. நடை முடிவுல களைப்பு ஆறு. ஒண்ணுதான் குறைஞ்சிருக்கு. ஆனா கேட் பட்டியல் 26-லேர்ந்து 19.

அதிசயம்னு எதுவும் நடக்கல. நோய் அப்படியேதான் இருக்கு. ரத்தசோகை சரியானதும் இதுல பாதி வேலையைச் செஞ்சிருக்கும், அதையும் ஒத்துக்கிறேன். ஆனா இப்ப அவங்களால கோயில் வரைக்கும் போயிட்டு வர முடியுது. மருமகப் பொண்ணு எண் எழுதின நோட்டை வீட்டுல எல்லாருக்கும் காட்டிச்சாம். "பாருங்க, ஏழுன்னு போட்டிருக்கு. நடிப்பா இது?"

அந்த நோட்டுக்கு அப்படி ஒரு வேலை இருக்கும்னு நான் நினைச்சுக்கூடப் பார்த்ததில்ல.

17/
தோத்த கதையும் சொல்லணும்.

சுமை தூக்கினவர் ஒருத்தர். ஐம்பத்தஞ்சு வயசு. முதல் நாள் களைப்பு எட்டு. மூணு வாரம் வந்தார், அப்புறம் காணோம். போன் பண்ணேன். "வர்றதுக்கு ரெண்டு பஸ்ஸு சார். வந்துட்டுப் போனா அன்னைக்குச் சம்பாத்தியம் போச்சு. கூட வர்ற பொண்டாட்டிக்கு நூறு நாள் வேலை போச்சு."

நான் என்ன பதில் சொல்ல? அவர் வேலையில தூக்கின மூட்டைக்கு எண்ணிக்கை உண்டு. வெட்டின மண்ணுக்கு அளவு உண்டு. தூக்க முடியாமப் போனதுக்கு எந்தக் காகிதமும் கிடையாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிடுற 21 வகையில நாள்பட்ட நுரையீரல் நோய் இல்ல. கையும் காலும் பார்க்க நல்லா இருக்கு. அதனால கேட்க ஆளில்ல.

ஆறு மாசம் கழிச்சு ஆக்சிஜன் குறைஞ்ச நிலைமையில ஆம்புலன்ஸ்ல வந்தார். பிழைச்சுட்டார். ஆனா இப்போ கொல்லைக்குப் போறதே அவருக்குப் பெரிய வேலை.

18/
அவருக்கு மருத்துவமனை தூரம். அப்போ பயிற்சி வீட்டுக்குப் போகணும். முடியுமா?

ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரில் சோதித்துப் பார்த்து 2017-ல் வெளியிட்டார்கள். பிசியோதெரபிஸ்ட் ஒரே ஒரு முறை வீட்டுக்குப் போவார். பிறகு ஏழு வாரம், வாரத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. எட்டு வாரத்தில், மருத்துவமனைக்கு வந்து பயிற்சி பெற்றவர்களுக்கு இணையான பலன் வீட்டில் இருந்தவர்களுக்கும் கிடைத்தது.

ஒரு வீட்டு வருகை. ஏழு போன் கால். அவ்வளவுதான்.

இப்போ நம்ம ஊரைப் பாருங்க. 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழ்நாடு அரசு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தொடங்கியது. ரத்த அழுத்தம், சர்க்கரைக்கு வீட்டுக்கே மாத்திரை. வலி தணிப்புச் சிகிச்சை. வயிற்று டயாலிசிஸ் பைகள். அதோடு வீட்டுக்கே வரும் பிசியோதெரபி. 2024-ல் ஐ.நா. அமைப்பின் விருதும் கிடைத்தது.

நாட்டுல பல மாநிலத்துல இல்லாத ஒரு கட்டமைப்பு இது. கதவைத் தட்டுற ஆள் ஏற்கெனவே இருக்காங்க. வாதம் வந்தவருக்கும் முட்டி வலிக்கும் போற அதே பிசியோதெரபிஸ்ட் பட்டியல்ல இளைப்பு நோயாளி பேரும் ஏறணும்னுதான் கேட்கிறேன். மத்திய அரசின் தொற்றா நோய்த் திட்டம் 2023-ல் புதுப்பிக்கப்பட்டபோது சி.ஓ.பி.டி.யும் அதுக்குள்ள வந்தாச்சு. கொள்கையில இடம் இருக்கு. படியேறி வீட்டுக்குள்ள வரணும், அவ்வளவுதான்.

19/
"நேரம் எங்க இருக்கு டாக்டர்?" இது நியாயமான கேள்விதான்.

ரெண்டு எண் கேட்க இருபது செகண்ட். மருத்துவர்தான் கேட்கணும்னு இல்ல. பி.பி. பார்க்கிற செவிலியர் கேட்கலாம். மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் கேட்கலாம். நாலு தடவை வந்த ஒருத்தருக்கு நாலு தடவை பி-காம்ப்ளெக்ஸ் எழுதின நேரத்தைக் கூட்டிப் பாருங்க. கேட்காததால செலவான நேரம்தான் அதிகம்.

20/
அதனால நான் கேட்கிறது நாலு விஷயம்.

ஒன்று: நாள்பட்ட நுரையீரல் நோயாளியின் சீட்டில் ஒவ்வொரு முறையும் ஆக்சிஜன் அளவுக்குப் பக்கத்திலேயே ரெண்டு எண். மூச்சு, களைப்பு.

இரண்டு: எல்லா அரசு மருத்துவமனையிலும் 30 மீட்டர் வராண்டாவில் பெயிண்ட் அடையாளம். செலவு ஒரு டப்பா பெயிண்ட்.

மூன்று: வீடு தேடிப் போகும் பிசியோதெரபியில் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி. ஒரு வருகை, வாரம் ஒரு போன்.

நான்கு: 'பொதுவான பலவீனம்'னு சீட்டில் எழுதுறதை நிறுத்துவோம். இது எனக்கே எனக்குச் சொல்லிக்கிறது.

21/
கடைசியா உங்ககிட்ட.

வீட்டுல இளைப்பு நோயாளி இருந்தா ஒரு பழைய நோட்டு எடுங்க. தினமும் சாயந்திரம் ஒரே நேரத்துல, பத்து ரூபாய்ல மூச்சு எத்தனை, களைப்பு எத்தனைன்னு கேட்டு எழுதுங்க. அடுத்த தடவை மருத்துவமனைக்கு வர்றப்போ அந்த நோட்டைக் கொண்டு வாங்க. "அசதியா இருக்கு"ன்னு சொல்றப்போ எங்க காது அடைச்சிருக்கலாம். "போன மாசம் நாலு, இப்போ ஏழு"ன்னு சொன்னா நிமிர்ந்து பார்ப்போம்.

நடைச் சோதனையை நீங்களே வீட்டுல செய்ய வேண்டாம். நெஞ்சுவலி, தலைசுற்றல், திடீர்னு கூடுற மூச்சுத் திணறல், உதடு நீலமாகுறது, இதுல எது வந்தாலும் நோட்டை மூடிட்டு 108-க்கு போன் பண்ணுங்க.

இன்ஹேலரை நிறுத்தாதீங்க. செட்டு மாத்திரையை வாங்காதீங்க. முக்கியமா, "சும்மா நடிக்காத"ன்னு சொல்லாதீங்க. வாழ்நாள் பூரா நாத்து நட்டு, நெல் அவிச்சு, மூட்டை தூக்கின உடம்பு அது. அது களைச்சிருக்குன்னு சொன்னா முதல்ல நம்புங்க. அப்புறம் எத்தனைன்னு கேளுங்க.

வீட்டுல பெரியவங்க இருக்கிற எல்லாருக்கும் இதைப் பகிருங்க. மருத்துவ நண்பர்கள் திட்டணும்னா கமெண்ட்ல திட்டுங்க, பதில் சொல்றேன். நாளைக்கு ஓ.பி. இருக்கு, சாயந்திரத்துக்கு மேலதான் வருவேன்.